எலும்புக்குச் சாரம் கட்டுகிறவர்கள்

கோழி எலும்பைக் காடியில் ஊறப்போட்டுக் காட்டும் பரிசோதனையை ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுதோறும் செய்துவருவது நமது வழக்கம். இதற்கு வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. கோழிக்கால் எலும்பு இரண்டு, கண்ணாடிப் புட்டி ஒன்று, அது நிறையக் காடி. அதாவது கடைகளில் வினிகர் என்று விற்கிறார்களே, அது. எலும்பைக் கொண்டுவருவது யார் என்பதில்தான் ஆண்டுதோறும் சிறிது தகராறு ஏற்படும். மரக்கறி உணவு உண்ணும் வீட்டுப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின் வரிசைக்குப் போய்விடுவார்கள். ஆனால் புட்டியைத் திறக்கும் நாளில் எல்லோருக்கும் முந்தி மேஜையருகே வந்து நிற்பவர்களும் அவர்களே.

ஒரு வாரம் ஊறிய எலும்பு, பார்வைக்கு முன்போலவே இருக்கும். கையில் எடுத்தாலோ ரப்பர்க் குழாய் மாதிரி வளையும். மற்றோர் எலும்பை நெருப்பில் நன்றாகச் சுட்டால், அதன் வடிவமும் மாறுவதில்லை, வெண்ணிறமாகிவிடும், விரலால் நசுக்கினால் பொடிந்துபோகும். காடி எலும்பிலுள்ள உப்பைக் கரைத்து நாரை விட்டுவைத்தது. நெருப்பு நாரை எரித்து உப்பை விட்டுவைத்தது. நாரில்லாத எலும்பு நொறுங்கும், உப்பில்லாத எலும்பு துவளும் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது நமது வழக்கமாக இருந்துவந்தது.

இந்த ஆண்டு அப்படிக் கையைக் கழுவ முடியவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஸார், இந்த வளைகிற எலும்பைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுபடியும் கெட்டியாகிவிடுமா?" என்று கேட்டாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவள் போகவில்லை. "எங்கள் அண்ணனுக்காகத்தான் ஸார் கேட்டேன்" என்றாள்.

அண்ணன் கல்லூரியில் படிக்கிற பையன். சென்ற ஆண்டு இரு சக்கர வண்டியில் போகும்போது ஒரு பஸ் மோதிக் கீழே விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பு பல துண்டுகளாகிவிட்டது. காயத்தில் சீழ் பிடித்தபடியால் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்பை அப்புறப்படுத்த நேர்ந்தது. இடுப்பெலும்பிலிருந்து சிறிது வெட்டி எடுத்து அந்த இடைவெளியில் வைத்துப் பார்த்தார்கள். அது ஒட்டவில்லை. வைத்த எலும்பு கரைந்துபோயிற்று. எடுத்த இடத்து வலிதான் மிஞ்சிற்று. இப்பொழுது காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டியிருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கு முறை, முறைக்குக் கால் மில்லிமீட்டர் வீதம், திருகைத் திருப்ப வேண்டும். காலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் திருப்புகிறவள் இந்தப் பெண்தான். நடுவில் இரண்டு முறை தாயார் திருப்புகிறார்.

இந்த வளைய வைத்தியத்தைப் பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஸைபீரியாவில் குர்கான் என்னும் ஊரில் காவ்ரீல் இலிஸரோவ் என்ற டாக்டர் 1950-ம் ஆண்டுகளில் வகுத்த முறை அது. எலும்பின் நல்ல பகுதியில் ஒரு வெட்டு வெட்டி, அந்தத் துண்டை நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் இடைவெளியை நோக்கி இழுத்துக்கொண்டே போனால், பின்னால் புது எலும்பு முளைத்துக்கொண்டே வரும். மிக நல்ல முறை. ஆனால் பொறுமையைச் சோதிக்கும் முறை. 6 சென்டிமீட்டர் என்றால் இழுப்பதற்கே 60 நாள். அதற்குப் பிறகு புது எலும்பு இறுகுவதற்குப் பல மாதம். அத்தனை நாளும் தோலைத் துளைத்துக்கொண்டு கம்பிகள் நிற்கும். அவற்றைச் சுற்றிச் சீழ் பிடிக்காமல் காப்பது வீட்டாரின் தினசரிக் கடமை.

ஆகவே அந்தப் பெண்ணின் கேள்வி விளையாட்டுக் கேள்வி அன்று. துவளும் நாருக்கு உப்பேற்றி, எலும்பு போன்ற ஒரு பொருளைச் செய்து, இடைவெளியில் வைத்துவிட்டால் உடம்பு அதை எலும்பாக மாற்றிக்கொள்ளுமா? உலகத்தின் பல ஆராய்ச்சி சாலைகளிலே இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு மூன்று வாரம் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லுகிறோம்.

முதலில் அந்த நாரின் கதை. அதற்குக் கொலாஜன் என்று பெயர். கிரேக்க மொழியில் "பசை தருவது" என்று பொருள்படும். தோலையும் எலும்பையும் காய்ச்சித் தச்சர்கள் வச்சிரப் பசை எடுத்தார்கள் அல்லவா? அது கொதித்துச் சிதைந்த கொலாஜனே. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உப்பு, மிச்சத்தில் பெரும்பகுதி இந்தக் கொலாஜன், கொஞ்சம் தண்ணீர். தோல், தசைநார், குருத்தெலும்பு எல்லாவற்றுக்கும் ஆதாரமாக நிற்பது கொலாஜன் இனத்து நார்களே.

இந்த நாரின் அமைப்பைக் கண்டு சொன்ன இடம் நமது சென்னை என்பது பலருக்கு ஞாபகமிருப்பதில்லை. 1952-ல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னை சர்வகலாசாலைக்குப் பௌதிகப் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால் என்பவர், கொலாஜனின் அமைப்பை இன்னும் எவரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அந்தப் பேச்சு வீண்போகவில்லை. தோலைப் பதனிடுவதும் கொலாஜனைப் பதனிடுவதும் ஒன்றுதானே? அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கங்காருவின் வால் தசைநாரிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ்-ரே படம் எடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் தங்கள் முடிவை "நேச்சர்" பத்திரிகையில் வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மூன்று புரிக் கயிறு அது. மறு ஆண்டு அவர்களே அந்த அமைப்பைத் திருத்தினார்கள். இங்கிலாந்தில் கிரிக்கும் ரிச்சும் இன்னொரு திருத்தம் சொன்னார்கள். ஆனாலும் மூன்று புரி என்னும் அடிப்படை சென்னையில் கண்டதுதான். தோல் ஆராய்ச்சி நிலையத்தின் சொற்பொழிவு மண்டபத்துக்கு அந்தக் கயிற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கயிறு ஒவ்வொன்றும் 300 நானோமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இந்தக் கயிறுகள் சுவரில் செங்கல் அடுக்குவது போல ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கயிற்றின் நுனிக்கும் அடுத்ததன் தலைக்கும் இடையே சுமார் 40 நானோமீட்டர் சந்து விட்டிருக்கிறது. எலும்பு உண்டாகும்போது உப்பின் மெல்லிய தகடுகள் முதலில் குடியேறுவது இந்தச் சந்துகளிலேதான். இதை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி, சாரம். வீடு கட்டும்போது சவுக்குக் கழிகளைக் கயிற்றால் கட்டி நிறுத்துகிறார்களே, அந்தச் சாரத்தின் பெயரையே இந்த வைத்தியத்தில் வைக்கும் பொருளுக்கும் விஞ்ஞானிகள் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர். கொத்தனார் ஏறி நிற்க இடம் கொடுப்பதே சாரத்தின் வேலை. சுவர் எழும்பிய பிறகு அது இருக்கக் கூடாது. ஒரு வித்தியாசம் உண்டு. உடம்புக்குள் போய்க் கழியை அவிழ்க்க ஆளில்லை. கொத்தனார்களே சாரத்தைத் தின்று தீர்த்துவிட வேண்டும்!

தின்று தீர்ப்பது என்று நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. நமது எலும்பில் இரண்டு வகை ஜீவ அணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒரு வகை, அமிலம் சுரந்து பழைய உப்பைக் கரைத்து நாரையும் அரித்துக் குழி பறிக்கும். மற்றொரு வகை, பின்னாலேயே வந்து குழியில் புது நாரை நிரப்பி உப்பேற்றும். வயது வந்தவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. சாதாரண முறிவில் மாவுக்கட்டுப் போட்டு ஆடாமல் வைத்திருந்தால் எலும்பு தானே கூடிக்கொள்வதும் இவற்றின் உழைப்பாலேயே. ஆனால் இடைவெளி மிகப் பெரிதானால் இந்தக் கொத்தனார்களுக்கு ஏறி நிற்க இடமில்லை. தசையும் வடுவும் முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சாரம் செய்யும் விதம் நமக்கு மிகவும் பிடித்தது. கொலாஜனைக் கூழாக்கி அச்சில் ஊற்றி உறையவைக்கிறார்கள். கூழிலுள்ள தண்ணீர் பனிக்கட்டிப் படிகங்களாகிறது. பிறகு காற்றை இறைத்துவிட்டால் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகிப் போய்விடும்; அது இருந்த இடமெல்லாம் துவாரங்களாக நிற்கும். மெதுவாக உறையவிட்டால் பெரிய துவாரம், வேகமாக உறையவிட்டால் சிறிய துவாரம். எலும்பு வளருவதற்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காவது துவாரம் வேண்டும். அதில் மூன்று மடங்கு இருந்தால் இரத்தக் குழாய்களும் தாராளமாக உள்ளே வரும்.

இப்படிக் கிடைப்பது வெள்ளை வெளேரென்ற ஒரு பஞ்சு. உலர்ந்திருக்கும்போது அழகாயிருக்கும். நனைந்தால் சவசவவென்று அமுங்கிப்போகும். ஜீவ அணுக்கள் பிடித்து இழுத்தாலே சுருங்கிவிடும். சில வாரங்களில் உடம்பு அதை அரித்தும் விடும். கொத்தனார் ஏறுமுன் சாரம் சரிந்த கதைதான். எனவே உப்புப் பூச வேண்டும்.

இரும்பாலும் டைட்டேனியத்தாலும் செய்த செயற்கை மூட்டுகளுக்கு உப்புப் பூசுவது பழைய வித்தை. மிகுந்த வெப்பத்தில் உருக்கித் தெளிக்கிறார்கள். கொலாஜன் அந்தச் சூட்டைத் தாங்காது. ஈரமான நார் 60 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே சுருண்டு, பழையபடி வச்சிரப் பசையாகிவிடும். உடம்பின் வெதுவெதுப்பிலேயே உப்புப் பிடிக்கவைக்கும் உபாயத்துக்கு நாம் ஜப்பானுக்குப் போக வேண்டும். கியோட்டோ சர்வகலாசாலையில் கொகுபோ என்னும் பேராசிரியர் மனித இரத்தத்தின் நீர்ப் பகுதியைப் போன்ற ஓர் உப்புத் தண்ணீரைத் தயாரித்து 1990-ல் வெளியிட்டார். சோடியம், பொட்டாஸியம், மக்னீஸியம், கால்சியம் எல்லாம் இரத்தத்தில் உள்ள அதே அளவில். புரதமும் அணுக்களும் மாத்திரம் இல்லை. நமது இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் தகுந்த இடம் கிடைத்தால் படிந்துவிடத் தயாரான அளவில் எப்போதும் கரைந்திருக்கின்றன. இந்தத் தண்ணீரிலும் அப்படியே. இடம் கொடுக்கும் ஒரு பொருளை 37 டிகிரிச் சூட்டில் இதிலே சில நாள் அல்லது சில வாரம் முக்கி வைத்தால், எலும்பு உப்புக்கு நெருங்கிய உறவான அபடைட் படிகங்கள் அதன்மேல் தாமே பூத்துவிடும். அவசரக்காரர்கள் தண்ணீரை ஐந்து மடங்கு, பத்து மடங்கு செறிவாக்கிக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு நாம் பெருமிதத்தோடு வகுப்புக்குப் போனால், அந்தப் பெண் நமக்கு முந்தியே தன் பரிசோதனையை முடித்துவிட்டிருந்தாள். நாம் போட்டுவிட்டுப் போன எலும்பை எடுத்துக் கழுவித் தாம்பூலத்துக்கான சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த தண்ணீரில் ஒரு வாரம் போட்டுவைத்திருந்தாள். எலும்பின்மேல் வெள்ளையாக ஒரு படலம் பிடித்திருந்தது. வளைத்துக் காட்டினாள், படலம் உதிர்ந்தது, எலும்பு முன்போலவே வளைந்தது. "மேலேதான் ஸார் பிடித்திருக்கிறது. உள்ளே போகவே இல்லை" என்றாள்.

சுண்ணாம்புத் தண்ணீரில் கால்சியம் உண்டு, பாஸ்பேட் இல்லை. படிந்தது காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து உண்டான வெறும் சாக்கட்டித் தூள். ஆனால் அவள் சொன்ன இரண்டு வாக்கியமும் இந்தச் சாஸ்திரத்தின் நடுநெஞ்சைத் தொட்டுவிட்டன. மேலே பிடித்த உப்பு பூச்சு. நாருக்குள்ளே, அந்த 40 நானோமீட்டர் சந்துகளிலே பிடித்த உப்புதான் எலும்பு. கொகுபோவின் தண்ணீரில் கிடைப்பதும் பெரும்பாலும் பூச்சே. உப்பு சந்துக்குள் புகுமுன் வெளியிலேயே படிகமாகி வாசலை அடைத்துவிடுகிறது. ப்ளோரிடா சர்வகலாசாலையில் லாரீ கௌவர் என்னும் அம்மையார் இதற்கு ஒரு வழி கண்டார். அமிலத் தன்மையுள்ள ஒரு சங்கிலிப் பொருளைச் சிறிதளவு சேர்த்தால் கால்சியம் பாஸ்பேட் சட்டென்று படிகமாகாமல் நீர்த்துளி போன்ற நிலையில் சற்று நேரம் நிற்கும். அந்த நிலையில் அது நாருக்குள் ஊறிவிடும். உள்ளே போன பிறகு படிகமாகும். நமது உடம்பிலும் இத்தகைய அமிலப் புரதங்கள் இருக்கின்றன. அவை செய்வதும் இதுவாகவே இருக்கலாம்.

அப்படியானால் மேற்பூச்சு பிரயோஜனமற்றதா என்றால், அன்று. அதற்கு வேறொரு குணம் உண்டு. அதை அறிவதற்கு இன்னொரு புட்டி எலும்பைப் பார்க்க வேண்டும்.

1965-ல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஸர்ஜன் மார்ஷல் யூரிஸ்ட் என்பவர், நாம் காடியில் செய்ததையே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் செய்தார். உப்பு நீங்கித் துவண்ட எலும்பை முயல் முதலிய பிராணிகளின் தசைக்குள் வைத்துத் தைத்தார். எலும்பே இல்லாத இடமாகிய தசைக்குள் புது எலும்பு உண்டாயிற்று! உப்பை நீக்கிய பிறகு எலும்பு உண்டாவானேன்? நாரோடு நாராக ஒரு புரதம் ஒளிந்திருந்தது. உப்பு அதன்மேல் மூடி போலக் கிடந்தது. அமிலம் மூடியைத் திறந்துவிட்டது. "இங்கே எலும்பு கட்டுக" என்று அணுக்களுக்குக் கட்டளையிடும் அந்தப் புரத இனத்தின் ஜீன்களை 1988-ல் பிரித்தறிந்தார்கள். 2002-ல் அப்புரதத்தைக் கொலாஜன் பஞ்சில் நனைத்து முதுகெலும்பின் கீழ்ப் பகுதியில் வைக்க அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

வெறும் பஞ்சு புரதத்தை நிறுத்திவைக்குமா? சீக்கிரத்திலேயே பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். ஆகவே ஒரு மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று, இயற்கை நினைத்தும் பார்த்திராத அளவில் நனைக்க வேண்டியிருந்தது. அனுமதி பெறாத இடமாகிய கழுத்தெலும்பிலும் சிலர் உபயோகித்தார்கள். சில நோயாளிகளுக்குக் கழுத்து வீங்கி மூச்சுத் திணறி உயிருக்கே அபாயம் நேர்ந்தது. 2008-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நல்ல மருந்துதான்; மூடியில்லாத புட்டியில் கொடுத்தார்கள்.

உப்புப் பூசிய பஞ்சின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அபடைட் படிகம் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். தான் கரையக் கரையத்தான் விடும். பூச்சைத் தடிப்பாகவும் மெல்லியதாகவும், சீக்கிரம் கரைவதாகவும் மெதுவாகக் கரைவதாகவும் தயாரிக்கலாம். ஆகவே புரதத்தைக் குறைத்து வைத்துப் பல நாளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம் என்று நம்புகிறார்கள். பிராணிகளிடம் செய்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. பல் எடுத்த குழியை நிரப்புவதற்கும் சிறிய எலும்புக் குறைகளுக்கும் கொலாஜனும் உப்பும் சேர்ந்த சாரங்களை வைத்தியர்கள் இப்போதே உபயோகிக்கிறார்கள். ஆனால் உடம்பின் பாரத்தைத் தாங்கும் கணைக்காலில் 6 சென்டிமீட்டர் இடைவெளி என்பது வேறு சங்கதி. நடுவிலுள்ள அணுக்களுக்கு இரத்தம் போய்ச் சேருமுன் அவை பட்டினியால் இறந்துவிடுகின்றன. பஞ்சு பாரம் தாங்காது. வெளியே தகடோ கம்பியோ வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் எந்தச் சாரமும் நிற்காது.

இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் கடிதம் எழுதுவார்கள். இந்தக் கொலாஜன் எந்தப் பிராணியுடையது? பெரும்பாலும் மாட்டின் தசைநாரும் தோலும். சில சமயம் பன்றித் தோல். மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். புகையிலைச் செடியில் மனித ஜீனைப் புகுத்தி மனிதக் கொலாஜனை விளைவிக்கும் முறையும் வந்திருக்கிறது. மனம் ஒப்பாதவர்கள் பல் வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்பதில் தவறொன்றுமில்லை. கேட்டால் சொல்லவேண்டியது அவர் கடமை. மற்றொன்று, கொலாஜன் பொடி என்று இப்போது டப்பா டப்பாவாக விற்பனையாவது. அதை உண்டால் மற்றப் புரதத்தைப் போலவே வயிற்றில் ஜீரணமாகித் துண்டு துண்டாகிவிடும். சாரமாகப் போய் எலும்பில் நிற்காது. நமது வீட்டிலும் ஒரு டப்பா இருக்கிறது. அதன் விலையை இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பெண்ணிடம் இவையெல்லாவற்றையும் சொன்னோம். "அப்படியானால் எங்கள் அண்ணனுக்கு இது உதவாதா, ஸார்?" என்றாள். இப்போது உதவாது என்று உள்ளதைச் சொன்னோம். பேசாமல் பையைத் திறந்து, சென்ற சனிக்கிழமை எடுத்த எக்ஸ்-ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வெட்டிய இடத்திலிருந்து, இழுத்துச் சென்ற துண்டின் பின்னால், ஊதுவத்திப் புகை மாதிரி மங்கலாக ஏதோ ஓடியிருந்தது. அதுதான் புது எலும்பு. முதலில் நார், பிறகே உப்பு. உப்பு இன்னும் சரியாக ஏறாதபடியால் புகையாகத் தெரிகிறது என்று காட்டினோம். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படத்தை உறையில் இட்டு, "இன்னும் பத்தொன்பது மில்லிமீட்டர் இருக்கிறது, ஸார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.